பக்கத்துப் பக்கத்து சிப்புகள்

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து சிப் தொழிற்சாலையில் வீட்ஸ்கேயின் வேலை வித்தியாசங்களைக் கணிப்பது. ஒரே சிலிக்கான் தட்டில் ஒன்றாகப் பிறந்த சிப்புகள்கூட ஒன்றுபோல் ஓடுவதில்லை. நடுவில் இருப்பது அவசரக்காரி, ஓரத்தில் இருப்பது சோம்பேறி. எவ்வளவு முன்பின் போனால் பொறுத்துக்கொள்ளலாம் என்று எல்லை வகுப்பவள் அவள். கணவன் ஷூர்ட் சாவியைத் தொலைத்துவிட்டு விழித்தாலும், "பரவால்ல, எல்லைக்குள்ளதான் இருக்க" என்பாள்.

அவனுக்குக் காது மந்தமாகி இரு காதுக்கும் செவிக்கருவி வாங்கியபோது, உள்ளே இருந்தது அவர்கள் தொழிற்சாலை சிப்தான். அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அவன் தங்கையின் பிறந்தநாளன்று அந்தப் பெருமை உடைந்தது. அந்த ஊர்ப் பிறந்தநாள் வழக்கப்படி வட்டமாக நாற்காலி போட்டு, மடியில் கேக் தட்டோடு எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கமிருந்து தங்கை கணவர், "வாழ்த்துகள் ஷூர்ட்!" என்றார். ஷூர்டோ வலப்பக்கம் திரும்பி, காப்பி குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இது ரெண்டாந்தடவை! என்ன ஷூர்ட், கையை விட மனசு வரலியா?" என்றார் அந்தம்மாள்.

வட்டமே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு ஒரு கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீடு வந்து சைக்கிளைப் பூட்டும்போது சொன்னான்: "இனிமே இந்த வட்டத்துக்கெல்லாம் நீ மட்டும் போயிட்டு வா."

"ஏன், கருவி சரியில்லையா?"

"தனித்தனியா ரெண்டும் தங்கம். சேர்த்து மாட்டினாத்தான் வம்பு. சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியல."

அவள் பூட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எந்தக் காதுக்குச் சத்தம் ஒரு மயிரிழை முந்தி வருகிறதோ, அந்தப் பக்கம் தலை திரும்பும். ஒரு காதில் அவசரக்காரியும் மறு காதில் சோம்பேறியும் உட்கார்ந்தால்? இரண்டுமே எல்லைக்குள்தான். அவளுடைய கணக்கு ஒவ்வொரு சிப்பையும் தனி ஆளாகவே பார்த்திருந்தது.

மறுநாள் காப்பி வேளையில் சக ஊழியன் ருட்கரிடம் சொன்னாள். "மனுஷனுக்கு ரெண்டு காது, ருட்கர்."

"அதைக் கண்டுபிடிக்கவா முனைவர் பட்டம் வாங்கின?" என்றான். சிரிப்பு அடங்கியதும் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். "தட்டுல பக்கத்துப் பக்கத்துல இருக்கறதுங்க ஒரே மாதிரிதானே ஓடும்? ஜோடி போட்டு அனுப்பிடலாமே."

அளந்து பார்த்தார்கள், அக்கம்பக்கத்து சிப்புகளுக்குள் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். சோதனைக்காக அப்படிச் செய்த முதல் ஜோடிக் கருவி ஷூர்டுக்கு வந்தது.

வீட்ஸ்கேயின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே வட்டம். எங்கும் ஓட முடியாமல், இரு காதிலும் புதுக் கருவியோடு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஷூர்ட். அந்த இரைச்சலுக்குள் அவன் முதுகுக்குப் பின்னால், இடப்பக்கமாக வீட்ஸ்கே வந்து நின்றாள்.

"கேக் வேணுமா, செல்லம்?"

மெதுவாகத்தான் கேட்டாள். அவன் நேராக இடப்பக்கம் திரும்பினான். திரும்பியது அவனுக்கே தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"பெரிய துண்டா வை," என்றான், அவள் மணிக்கட்டைப் பிடித்து, விடாமல். "இன்னிக்கு எல்லையெல்லாம் பாக்காத."