ஏரிக்கரையில் சத்தமில்லாத வண்டி

சின்ன வயதில் போலியோ வந்து என் வலது கால் சூம்பிப் போனது. தாங்கித் தாங்கி நடப்பேன். சைக்கிள் மிதிக்க முடியாது. எனக்கு வாய்த்த வேலையோ உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில், பால் சங்கத்து எழுத்தர். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். பால்காரர்களின் சைக்கிள் கேரியரில், கேனோடு கேனாகத் தொங்கிக்கொண்டு பல வருஷம் போனேன். என்னை ஏற்றிக்கொள்கிறவர் வராத நாளில் நானும் போக முடியாது. நான் போய் அளந்து எழுதாமல் பால் வேனில் ஏறாது, வேனும் யாருக்காகவும் நிற்காது. இரண்டு முறை அப்படி ஊர்ப் பால் முழுக்கக் கெட்டுப்போனது. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பேட்டரி சைக்கிள் வந்தது. “லைசென்ஸ் வேணாம், நம்பர் வேணாம் சார். மெதுவாப் போற வண்டி, சர்க்காரே இத்த சைக்கிள்னுதான் சொல்லுது” என்றார் வாலாஜாபாத் கடைக்காரர். அப்படி அச்சடித்த காகிதம் ஒன்றும் கொடுத்தார். பஸ் நிலையத்தில் போலீஸ்காரர் மடக்கியபோது அதைத்தான் நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “போய்யா” என்று விட்டுவிட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ரோட்டில் சுற்றிப் போனால் போகவர பேட்டரி சார்ஜ் தாங்காது. ஏரிக்கரை வழி அதில் பாதி தூரம். ஆனால் ஒரு மழைக்காலத்தில் டிராக்டர் ஏறிக் கரை உள்வாங்கியதிலிருந்து, மோட்டார் வண்டி கரைமேல் வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டிதான் அதற்குக் காவல். ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், எட்டாம் நாள் குறுக்கே தடியை நீட்டினார்.

“எறங்கு சார். மோட்டார் கீற வண்டி வரக்கூடாது.”

“சர்க்காரே சைக்கிள்னு சொல்லிட்டான். பாரு” என்று காகிதத்தை எடுத்தேன்.

“சர்க்காரு இந்தக் கரைமேல நடந்து பார்த்துக்கீதா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முடவன் முன்னுக்கு வருவது உனக்குப் பொறுக்கவில்லையா என்று கத்திவிட்டேன். அவர் தடியை விலக்கிக்கொண்டார். அந்த வாரம் மட்டும் போகவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஊரே முடிவு சொல்லட்டும் என்றார்.

அதற்கு முந்தின நாள் காலையில் சங்கத்தில், எல்லாரும் பால் ஊற்றிவிட்டுப் போகும்வரை நீர்க்கட்டியின் மனைவி ஓரமாக நின்றிருந்தார்.

“அவரு மேல கோவப்படாத தம்பி. விஷயம் மோட்டாரும் இல்ல, கரையும் இல்ல. இருட்டோட பொம்பளைங்க நாங்க எங்க போவோம்? அந்தக் கரைச்சரிவுக்குத்தான். பால்காரன் வந்தா கேனு கடகடங்கும், எழுந்து நின்னுக்குவோம். நீ சத்தமே இல்லாம வந்துக்கினு கீற. லைட்டு மேல பட்டாத்தான் தெரியுது. எம் பொண்ணு வூட்டுக்கு வந்து ஒரே அழுவ.”

“யக்கா, நான் பள்ளம் மேடு பார்த்துக்கினு…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். நான் பார்த்தேனா இல்லையா என்பதா விஷயம்? இத்தனை வருஷமாக அதே கரையில், அதே நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் இதை யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. நீர்க்கட்டியிடம் கத்தியதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பேட்டரி மோட்டாரா, டிராக்டர் கனம் எவ்வளவு, இது எவ்வளவு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். “மோட்டார நிறுத்திட்டு மிதிச்சிக்கினு போவட்டும்” என்றார் ஒருவர். எல்லாரும் என் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. எழுந்து நின்றேன்.

“கரை ஏறனதுலேர்ந்து எறங்கற வரைக்கும் நிறுத்தாம மணி அடிச்சிக்கினே போறேன். இனிமே யார் இந்த வண்டி வாங்கினாலும் அப்படித்தான் போவணும்னு எழுதிக்குங்க.”

எதற்கு என்று யாராவது கேட்பார்கள், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நீர்க்கட்டி முதலில் “சரி” என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் போட்டார்கள். அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

மறுநாள் மணியடித்துக்கொண்டே போனேன். சரிவு நெடுக, எனக்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினேன். வேலை நிலைத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அதே பெண்கள் பால் செம்போடு வரிசையில் வந்து நின்றபோது, ஒருத்தர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.