புள்ளியைக் கடைசியில் வைக்கச் சொன்னவர்

ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதக் கற்றுக்கொடுக்கும் முறையை அமிர்தம் டீச்சர் என்னிடம் கற்றுக்கொண்டார் என்று இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். பேசிவிட்டு என் பக்கம் திரும்பிக் கும்பிடு வேறு போட்டார்கள். அது தவறு. முறை அவருடையது. கற்றுக்கொண்டவள் நான்.

செய்தி வந்த காலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். கிள்ளானிலிருந்து அவர் மகள் அழைத்தாள். "ஆன்டி, அம்மா போய்ட்டாங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றாள். முதலில் சொல்லும் அளவுக்கு அந்த வீட்டில் எனக்கு இடம் இருந்தது. ஆகவே உண்மையை முதலில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

எழுபதுகளின் நடுவில் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நாங்கள் இருவரும் நான்காம் வகுப்பு ஆசிரியைகள். நான் கான்வென்டில் படித்தவள். தலைமையாசிரியர் முக்கியமான கடிதங்களை என்னிடம்தான் எழுதக் கொடுப்பார். அமிர்தம் தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் படித்தவர். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்திருப்பார் என்பதை ஊரே முடிவு செய்துகொண்டது.

என் முறை கான்வென்ட் முறை. நாலு கோட்டுப் புத்தகம், 'ஏ' முதல் 'இஸட்' வரை வரிசையாக, ஒவ்வோர் எழுத்தும் ஐம்பது தடவை. எழுத்துகள் தனித்தனியே அழகாக வந்தன. சொல்லாகச் சேர்க்கும்போது மட்டும் அறுந்தன. 'ஐ' வந்தவுடன் அத்தனை பிள்ளைகளும் பென்சிலை எடுத்து, மேலே புள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போனார்கள். "கவனமில்லை" என்று ஒரு பள்ளித் தவணை முழுவதும் சிவப்பு மையில் எழுதித் தள்ளினேன்.

ஒருநாள் சுண்ணக்கட்டி வாங்க வந்த அமிர்தம், ஒரு பெண்ணின் பின்னால் நின்று அவள் எழுதுவதைப் பார்த்தார்.

"மிஸஸ் நாதன், இவங்க கவனமில்லாம எழுதல. ரொம்பக் கவனமா எழுதுறாங்க. தமிழ்ல 'க்' எழுதுனா உடனே புள்ளி வைன்னு மூணு வருஷமா சொன்னது யாரு? நாமதானே!"

எனக்கு முகம் சுட்டது. நான் பதில் சொல்வதற்குள் அவர் கரும்பலகைக்குப் போய்விட்டார். ஆங்கிலத்தில் 'மினிமம்' என்று ஒரே இழுப்பில், புள்ளியே இல்லாமல் எழுதினார்.

"பிள்ளைங்களா, இது கிள்ளான்ல இருந்து கோலாலம்பூர் போற பஸ். நடுவுல இறங்குனா என்ன ஆகும்?"

"பஸ் போயிடும் டீச்சர்!"

"அப்போ புள்ளி எப்ப வைக்கணும்?"

"கோலாலம்பூர் போய்ட்டு!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், வழியில ஷா ஆலாம்ல ஒண்ணுக்கு வந்தா?"

"அடக்கிக்கிட்டு உட்காரு லா!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. என் வகுப்பில் அப்படிச் சிரிப்பு அதற்கு முன் எழுந்ததில்லை. நாற்பது பென்சில்கள் புறப்பட்டன. ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை! சொல் முடிந்த பிறகு எல்லாம் திரும்பி வந்து டக் டக்கென்று இரண்டு புள்ளிகள் வைத்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எழுத்து வரிசையையும் அவர்தான் மாற்றினார். முதலில் 'எல்', 'இ'. "சுழி போட்டுப் பழகின கை இது. அந்த ரெண்டும் இவங்களுக்குச் சித்தப்பா பிள்ளைங்க மாதிரி" என்பார்.

அந்த ஆண்டு பள்ளிகளுக்கிடையிலான கையெழுத்துப் போட்டியில் கோப்பை எங்களுக்கு! காலைச் சபைகூடலில் தலைமையாசிரியர், "கான்வென்ட் கை சும்மாவா?" என்று சொல்லி எனக்கு மாலை போட்டார். மண்டபத்துப் பலகையில் பயிற்றுநர் என்று என் பெயரை எழுத வைத்தார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அமிர்தம். அன்று மாலை என் கணவர் மாலையைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. அமிர்தத்துக்கு என்ன போட்டாங்க?" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

பிறகு ஒருமுறை அமிர்தத்திடம், "தலைமையாசிரியர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "விடுங்க, கோப்பை பள்ளிக்கூடத்துலதானே இருக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன். விடச் சொன்னதில் எனக்கு நிம்மதியும் இருந்தது. இதை எழுத என் பெருமை இத்தனை ஆண்டுகள் இடம் தரவில்லை.

துக்கத்துக்குப் போனபோது அவர் வீட்டு வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லோரி ஓட்டுபவர், மருத்துவமனைத் தாதி, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர் என்று எங்கள் பழைய பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஆங்கிலத்தில் பெயர் எழுதினார்கள். அவர்களில் ஒருத்தியான சிவகாமி எழுதினாள். பேனா கடைசி எழுத்துவரை ஓடியது, நின்றது, திரும்பி வந்தது. ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. துக்க வீட்டில் கைதட்டக்கூடாது என்று தெரியும். ஆனாலும் என் கைகள் எழுந்துவிட்டன.

அமிர்தத்திடமிருந்து நான் வைத்திருப்பது ஒரே ஒரு பழக்கம். ஒரு பிள்ளை தப்பு செய்தால், நாம் முன்னே சொன்ன எந்தப் பாடத்துக்கு அது கீழ்ப்படிகிறது என்று முதலில் பார்ப்பேன். பிறகுதான் சிவப்பு மை.

இந்த நினைவு மலரை வெளியிடும் பழைய மாணவர்களே, மண்டபத்துப் பலகையில் என் பெயரை அழித்துவிட்டு அமிர்தவல்லி என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்குக் கடிதம் போடுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். கையால் எழுதுங்கள்.