லைனே இல்லாத நாளில் எக்ஸ்பிரஸ் பாஸ்

வரிசையில் நிற்காமல் போவதற்குக் காசு வாங்கிக்கொண்டு, கையில் மஞ்சள் பட்டை ஒட்டிவிடுவதுதான் என் தொழில்.

ரேஷன் கடையிலும் ஆதார் திருத்துகிற இடத்திலும் கால் கடுக்க நின்ற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. புதுக்கோட்டையை விட்டு வெளியே வந்து தைலமரக் காட்டைத் தாண்டினால் ஒரு விளையாட்டுப் பூங்கா. உள்ளே நுழைய ஒரு டிக்கெட். அதற்கு மேல் இன்னும் ரெண்டு டிக்கெட் விலையைக் கொடுத்தால் பட்டை. பட்டை கட்டியவர் எந்த விளையாட்டானாலும் தனி வழியில் போய் முதலில் ஏறிக்கொள்ளலாம். பெயர் எக்ஸ்பிரஸ் பாஸ். எங்கள் சனம் அதற்கு வைத்திருக்கிற பெயர் ஸ்பெஷல் தரிசனம்.

என் பெயர் வளர்மதி. திருவரங்குளத்தில் வீடு. இதற்கு முன்னால் ஆறு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி. மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவேன். என் ரெண்டு பெண் பிள்ளைகளும் என்னை விருந்தாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பஸ் ஏறுவேன். இந்தக் கவுண்டர் வேலை கிடைத்த பிறகுதான் காலையில் அதுகளுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்கு வர முடிகிறது.

போன ஏப்ரலில் மேனேஜர் சகாயம் சார் கூப்பிட்டார். பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் பாஸ் ஒழுங்காக விற்றால் கவுண்டர் இருக்கும், விற்காவிட்டால் ஜூனில் மூடிவிடுவோம் என்றார். கவுண்டர் போனால் எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. மறுபடியும் திருப்பூர்தான். ஆளே வராத நாளில் எப்படி சார் விற்கிறது என்று கேட்டேன். அதற்கு அவரே ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். "யாரு வந்து கேட்டாலும் 'இன்னைக்குக் கூட்டம் ரொம்பங்க'ன்னு மட்டும் சொல்லும்மா. மிச்சத்தை அவங்களே நெனைச்சுக்கிருவாங்க."

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை

முதல் நாளே சோதனை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பூங்காவில் ஆள் இல்லை. எனக்கு எதிரே ராட்சதக் கப்பல், அதாவது ஆளை உட்கார வைத்து முன்னும் பின்னும் ஆட்டுகிற பெரிய ஊஞ்சல். அதை ஓட்டுகிற பாண்டி அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். திருமயத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளை பர்ஸை எடுத்த தோரணையிலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு இவர் பெண்டாட்டி முன்னால் செலவு பண்ணாமல் போக மாட்டார்.

'கூட்டம் ரொம்பங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கப்பலில் ஒரு காக்கா மட்டும் உட்கார்ந்திருந்தது. எனக்கு வாய் வரவில்லை. லைனே இல்லையே சார், எதைத் தாண்டப் போறீங்க என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பரவாயில்லை, குடுங்க, முதல் தடவையா கூட்டிட்டு வந்திருக்கேன் என்று நின்றார். பொய் சொல்லி விற்கத்தான் எனக்கு வரவில்லை என்றால், உண்மையைச் சொன்னாலும் வாங்குவேன் என்கிறவரை என்ன செய்வது. கடைசியில் அந்தப் பெண்தான் அவர் கையிலிருந்த பர்ஸை வாங்கி மூடியது.

"கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா வேணாம்னு நான் சொன்னப்பத்தான் கேக்கல, இந்தக்கா சொல்றதையாச்சும் கேளுங்க."

துண்டு போட்ட பெரியப்பா

கீரனூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம். பெரிசும் சிறிசுமாகப் பதினாலு பேர். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம், என் மனசாட்சிக்கும் அன்றைக்கு லீவு நாள் மாதிரி நிம்மதி. ஆனால் வாங்கியது ஒரே ஒரு பாஸ். கூட வந்தவர்கள் எல்லாரும் பெரியப்பா பெரியப்பா என்று அழைத்த பெரியவர் கையை நீட்டினார், பட்டையை ஒட்டிவிட்டேன். ஒரு பட்டைக்கு ஒரு ஆள்தான் என்று நான் ரெண்டு தடவை சொன்னேன், அவர் ரெண்டு தடவை தலையாட்டினார்.

பத்து நிமிஷத்தில் பாண்டி அண்ணன் போன் போட்டு, வளரு, கொஞ்சம் வந்துட்டுப் போ என்றார். போய்ப் பார்த்தால், பெரியப்பா தனி வழியில் முதல் ஆளாகக் கப்பலில் ஏறி, பதினாலு சீட்டுக்கும் இடம் போட்டுவிட்டார். ஒன்றில் துண்டு, ஒன்றில் தொப்பி, ஒன்றில் தண்ணீர்ப் பாட்டில், ஒன்றில் முறுக்குப் பொட்டலம், தன் செருப்பில்கூட இடதுக்கு ஒரு சீட்டு, வலதுக்கு ஒரு சீட்டு. நடுவில் உட்கார்ந்துகொண்டு, லைனில் பின்னால் நின்ற தன் சனத்தைப் பார்த்து, மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதுகூடப் பெரிசில்லை. லைனில் முன்னால் நின்று ஏறிய மற்ற ஆட்கள், காசு கொடுத்து வந்தவர்கள், சீட்டில் துண்டைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி நின்றுவிட்டார்கள். ஆள் வருது போல என்று ஒருவருக்கொருவர் சமாதானம் வேறு. பஸ்ஸில் பழகிய கண்ணுக்குக் கப்பலும் பஸ்தான். துண்டை என்ன செய்வது என்று பாண்டி அண்ணனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான்தான் ஏறி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெரியப்பா மடியில் வைத்தேன். அவர் கோபப்படவே இல்லை, எனக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"ரேஷன் கார்டு வீட்டுக்கு ஒண்ணுதானம்மா குடுக்குறாக, ஆளுக்கு ஒண்ணா குடுக்குறாக?"

தடைக்காலம்

மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிக்கூட லீவும் ஒன்றாக வரும். அப்போது ஜெகதாப்பட்டினத்திலிருந்து வேன் பிடித்து வருவார்கள். படகு கரையில் நிற்கும் ரெண்டு மாசமும் அவர்களுக்கு லீவு மாதிரி, ஆனால் வருமானம் இல்லாத லீவு.

அப்படி வந்த ஒரு அக்காவிடம், அன்றைக்கு நிஜமாகவே கூட்டம் இருந்ததால், தைரியமாகப் பாஸைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு விளையாட்டுக்கும் முக்கால் மணி நேரம் நிற்கணும், இது இருந்தால் நிற்க வேண்டாம் என்றேன். அவர் வீட்டுக்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். அந்த அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். காசுக்காகத்தான் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. கடலுக்குப் போனால் மூன்று நாள், நாலு நாள். போன ஆள் எந்தப் பக்கம் போனாரோ, இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தாலும் அசந்து தூங்குவார். இதையெல்லாம் அந்த அக்கா அழுதுகொண்டு சொல்லவில்லை. சோறு ஆக்குகிற பக்குவம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு லைனின் கடைசியில் போய் நின்றார். முக்கால் மணி நேரமும் ரெண்டு பேரும் பேசிக்கொண்டே நகர்ந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். எனக்கு ரெண்டு பாஸ் போயிற்று, ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

"இந்த மனுசன் என் பக்கத்துல நிக்கிறதே இந்த ரெண்டு மாசந்தான், அதைக் கொறைக்க நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

அரை நாள் லீவு

பாஸ் வாங்குவதே தண்டம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மே மாத ஞாயிறு ஒன்றில் ஒரு நர்ஸம்மா மகளோடு வந்தார். மதியம் ரெண்டு மணிக்கு டூட்டி. மகளுக்கு எட்டு வயசு இருக்கும், கையில் ஒரு பேப்பரில் எந்தெந்த விளையாட்டு என்று எழுதியே கொண்டுவந்திருந்தது. கூட்டம் ரொம்பங்க என்றேன். நீங்க எப்பயும் அப்படித்தான சொல்லுவீங்க என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கவுண்டரைப் பூட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய் லைனின் நீளத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு ரெண்டு பாஸ் வாங்கினார்.

பன்னிரண்டரைக்கு ரெண்டு பேரும் ஈரத் தலையோடு என் கவுண்டர் பக்கம் வந்தார்கள். பேப்பரில் இருந்த எல்லாவற்றுக்கும் நேராக டிக் அடித்திருந்தது. போகிற அவசரத்திலும் அந்த அம்மா நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இவளை எங்கிட்டுக் கூட்டிட்டுப் போனாலும் பாதியில இழுத்துட்டுத்தான் ஓடுவேன், இன்னைக்குத்தாங்க முழுசாப் பாத்திருக்கா."

பாதி விலை ஞாயிறு

இப்படி நான் ஒன்று விற்று ஒன்றைக் கெடுத்துக்கொண்டிருந்ததில் சகாயம் சாருக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த ஞாயிறு பாஸ் பாதி விலை என்று வாசலில் பேனர் கட்டினார்.

விற்றது பாருங்கள், அப்படி விற்றது. பட்டை ஒட்டி ஒட்டி என் விரலெல்லாம் பிசின். பதினோரு மணிக்கெல்லாம் பார்க்கிற கையெல்லாம் மஞ்சள். அப்பாடா, வேலை தப்பித்தது, இந்த ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுக்கு அட்டை போட நான் வீட்டில் இருப்பேன் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் பாண்டி அண்ணன் போன். எக்ஸ்பிரஸ் வழியில் லைன் ஐஸ்கிரீம் கடையைச் சுற்றிக்கொண்டு கழிப்பறை வரைக்கும் போய்விட்டது. சாதாரண வழியில் ஈ காக்கா இல்லை. பாஸ் வாங்காத நாலு பேர் அந்த வழியாக நேராக நடந்து வந்து ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், மறுபடியும் ஏறுகிறார்கள். நான் ஓடிப்போய் ஸ்டூலில் ஏறி நின்று, எல்லாரும் சாதாரண வழியிலேயும் வரலாம் என்று கத்தினேன். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அங்கே பாய்ந்தது. இப்போது எக்ஸ்பிரஸ் வழி காலி. உடனே பாதிப் பேர் இங்கே திரும்ப ஓடி வந்தார்கள். மூன்று தடவை இப்படி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடின பிறகு எல்லாரும் சேர்ந்து என் கவுண்டருக்கு வந்துவிட்டார்கள். சகாயம் சார் அவசர போன் பேசப் போனவர் போனவர்தான். எல்லாத் திட்டையும் நானே வாங்கினேன். ஆலங்குடிக்காரர் ஒருவர் மட்டும் திட்டவில்லை. கையிலிருந்த பட்டையை எனக்குக் காட்டி, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

"காசு குடுத்த நான் இங்கிட்டு நிக்கிறேன், குடுக்காத என் மச்சினன் அங்கிட்டு ரெண்டாவது ரவுண்டு போறான், இதுல யாரும்மா எக்ஸ்பிரஸ்?"

ஆறு பாஸ் கேட்ட டீச்சர்

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு புகார் வந்த பிறகு கவுண்டரை வைத்திருப்பது கஷ்டம், சனிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார். பேனர் கட்டியது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. பிள்ளைகளை நினைத்து அடக்கிக்கொண்டேன். திருப்பூரில் பழைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வேலை இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

புதன்கிழமை. கூட்டமே இல்லை. ஒரு அம்மா அஞ்சு பிள்ளைகளோடு வந்து, தான் சகாயம் சார் வீட்டம்மா என்றார். பள்ளிக்கூட டீச்சராம். தன் பிள்ளைகள் ரெண்டு, தம்பி பிள்ளைகள் மூன்று. வீட்டுல சோறு திங்கும்போதுகூட அவருக்கு இந்தப் பாஸ் பேச்சுத்தான், அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துருவோம் என்று சொல்லி, ஆறு பாஸுக்குப் பணத்தை எடுத்து வைத்தார்.

விற்றால் ஆறு பாஸ். விற்கிற நேரமும் அதுதான். ஆனால் எதிரே பாண்டி அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே சார் ஆபீஸிலிருந்து வேகமாக வந்தார். மேடம் ஆறு பாஸ் கேக்குறாங்க சார், குடுக்கட்டுமா என்று அவரிடமே கேட்டேன். அவர் பணத்தைப் பார்த்தார், காலியாகக் கிடந்த வழியைப் பார்த்தார், சட்டென்று பணத்தை எடுத்து வீட்டம்மா கையிலேயே வைத்தார். எதுக்கு வீணா, லைனே இல்லையே, சும்மாவே போகலாம் என்றார்.

டீச்சர் பணத்தைப் பைக்குள் வைக்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில், "அப்ப மத்தவங்க வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். நான் பட்டைச் சுருளைப் பார்த்தேன். அஞ்சு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கை காட்டி, இதில் என்ன சந்தேகம் என்பதுபோலச் சொன்னார்.

"பின்ன? உண்மையைச் சொல்றதுக்குன்னுதான இந்தப் புள்ளைய இங்க உக்கார வச்சிருக்கேன்."

டீச்சர் காதில் விழுந்த வார்த்தையைச் சனிக்கிழமை சாரால் திரும்ப வாங்க முடியாமல் போனதால் கவுண்டரும் இருக்கிறது, நானும் இருக்கிறேன், பாஸ் வாங்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்பதற்கென்றே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லைன் நிற்கிறது, அதைத் தாண்டத்தான் இன்னும் பாஸ் அடிக்கவில்லை.