மாடு நின்றுவிட்டு வந்த வாசல்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். நான்காம் வகுப்பில் பஸ் பலகை, சோப்பு உறை, சுவரொட்டி என்று எதையும் விட்டுவைக்கமாட்டேன். அப்படித்தான் பால் மாட்டுக்கு அப்பா வாங்கி வந்த தீவன மூட்டையையும் சத்தமாகப் படித்தேன். தீவனத்தை ஊறவைக்காமல் உலர்ந்தபடியே கொடுக்கவும், தண்ணீரைத் தனியாக வைக்கவும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

தவிடும் புண்ணாக்கும் கரைத்துத் தொட்டியில் ஊற்றித்தான் அம்மாவுக்குப் பழக்கம். ஆனாலும் மகள் படித்துச் சொன்னதாயிற்றே என்று அப்படியே செய்தாள். கல்வராயன் மலையடியில் பகலெல்லாம் மேய்ந்துவிட்டுத் தானாக வீடு திரும்பும் எங்கள் மாடு, தொடக்கத்தில் ஒழுங்காகத் தின்றது. பிறகு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இன்னாடி, சரியாத்தான் படிச்சியா?” என்றாள் அம்மா.

“மூட்டையப் படிச்சவளயே கூப்புடு. மாட்டுக்கும் ஒரு தபா படிச்சிக் காட்டட்டும்,” என்றார் அப்பா.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ என் பள்ளிக்கூடத்தையே பழித்ததுபோல் இருந்தது. இனி பழையபடி கரைத்தே ஊற்றப்போவதாக அம்மா சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பால் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியென்றால் மாடு வேறெங்கோ வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. மறுநாள் பள்ளி விட்டதும் பையோடு மலையடிக்குப் போய், மாட்டின் பின்னாலேயே நடந்தேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்பும் முன்பே அது அத்தை வீட்டு வாசலில் நின்றது. அத்தை அப்பாவுக்கு அக்காள். அம்மாவுக்கும் அவளுக்கும் வெகுநாளாகப் பேச்சில்லை. அவளுடைய ஒரே மாடு போன மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தது. அந்த மாட்டின் தொட்டியில்தான் இப்போது கழுநீரும் தவிடும் நிறைந்திருந்தது. எங்கள் மாடு உரிமையோடு வாயை வைத்தது.

“வாடி என் ராசாத்தி,” என்று அதன் கழுத்தைத் தடவினாள் அத்தை. “உங்கூட்ல மண்ணாட்டம் கொட்றாளாமே? குடிச்சிட்டுப் போ. போய் அவகிட்ட சொல்லிக்கினு இருக்காத, இன்னா?”

நான் ஒரே ஓட்டமாக ஓடினேன். “அத்தைதாம்மா! மாடு அங்க குடிச்சிட்டுத்தான் வருது! நான் சரியாத்தான் படிச்சேன்!”

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவாள் என்று காத்திருந்தேன். அவளோ கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“செத்துப்போச்சே, அந்த மாட்டுத் தொட்டியிலயா ஊத்தறாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு மூட்டையைப் பிரித்து, ஒரு கூடை தீவனம் அள்ளி என் தலையில் வைத்தாள்.

“அத்தையாண்ட குட்த்துட்டு வா. நாளைக்கு மாடு வந்தா அங்கயே போடச் சொல்லு. தண்ணி வுடாம போடணும்னு நீ படிச்சதயும் சொல்லு.”

கூடையை வாங்கிய அத்தை, “அவளே அள்ளிக் குட்த்தாளா? அவ கையாலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தீவனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் மூட்டையில் இருந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பாவம், படிக்காதவள், புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.