மழை நாளில் வரும் தலைவலி

இன்று காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் செல்வி ஜெயித்துவிட்டாள். அவளோடு நாங்களும்.

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஐந்தாம் நம்பர் மலையில் மண் சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மழை பெய்தாலே எங்கள் பெண்களுக்குத் தலைவலி. கணக்கப்பிள்ளை ஐயாவும் சளைக்காமல் பனடோல் மாத்திரை கொடுத்து லீவு விடுவார்.

பதுளைப் பக்கம் இன்றும் விடாத மழை.

"செல்வி, அஞ்சாம் நம்பர். என்ன, தலவலியா?" என்றார் ஐயா.

"தலவலி இல்லீங்க. பயம். அந்த மலைய பாத்தாலே மறுபடி மண்ணு சரியிற மாதிரியே இருக்குது."

"பயத்துக்கெல்லாம் லீவு இல்லம்மா."

"லீவு யாருங்க கேட்டா? வேற மலை குடுங்க. கொழுந்து எடுக்கத்தான் வந்திருக்கேன்."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. கையைத் தூக்கினேன்.

"எனக்கும் அதே பயந்தாங்க. இத்தன நாளா தலவலின்னு பொய் சொன்னேன்."

அடுத்தடுத்து கைகள் எழுந்தன. சிரித்தவளும் தூக்கினாள். மொத்தம் பதினொரு கை!

ஐயா பேர் எழுதிய புத்தகத்தில் ஐந்தாம் நம்பரை அடித்தார்.

"சரி, எல்லாரும் ரெண்டாம் நம்பருக்குப் போங்க. இனிமே மழை நாள்ல அஞ்சாம் நம்பர் வேணாம். தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

நேற்று வாங்கிய பனடோல் என்னிடம் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

"நீயே வச்சிக்கம்மா. மழை நாள்ல பயத்துல நானும் அதத்தான் முழுங்கிட்டிருந்தேன். இனிமே எனக்கும் வேணாம்" என்றார்.

உங்கள் வேலையிடத்தில் பயத்துக்கு என்ன வியாதிப் பெயர் வைத்திருக்கிறீர்கள்?