அசை போடாத குதிரை

எல்கடுவத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்ற குதிரையை நான் வாங்கினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் துணி விற்பது என் தொழில். மூட்டையோடு ஏற்றம் ஏறி முழங்கால் தேய்ந்து போயிருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை கட்டியதெல்லாம் வண்டி மாடுகள்தான்.

முதல் நாளே மனைவியின் தம்பி வந்து குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டு வைத்தியத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு நினைப்பு.

"மச்சான், காலையில இருந்து பாக்கிறன், இது அசை போடுதில்ல. வயிறு கட்டிப் போச்சு. விட்டா செத்திடும்."

நானும் பயந்துவிட்டேன், முட்டாள். இஞ்சி, மிளகு, உள்ளி எல்லாம் இடித்துக் கரைத்து, நாலு பேர் பிடித்துக்கொள்ள, மூங்கில் குழாயால் அதன் தொண்டையில் ஊற்றினேன். என் கையைக் கடித்தது. மறுநாளும் அசை போடவில்லை, மறுபடியும் ஊற்றினேன். மூன்றாம் நாள் குதிரை கழிந்துகொண்டே நின்றது. தோட்டத்தில் அதைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் தலையில் கை வைத்தார்.

"குதிரை எந்தக் காலத்துலங்க மொதலாளி அசை போட்டிச்சு? நல்லா இருந்ததுக்கா இதையெல்லாம் ஊத்துனீங்க?"

"அப்ப புல்லு திங்கிற சாமான் வேற என்னதான் செய்யும்?" என்று மச்சினன் அவரிடமே சண்டைக்குப் போனான்.

குதிரை பிழைத்தது. ஆனால் என் கை வாயருகே போனாலே கடிக்க வந்தது. கடிவாளம் போட விடவில்லை. எங்கள் ஊரான யட்டவத்தையில் குதிரை வைத்திருந்த ஒரே ஆள் நான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துதான் எல்கடுவைக்குப் போனேன்.