நைனா கேட்டு வாங்கின அரிசி

என் நைனாவை நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தொலைத்தேன். குடையைத் தொலைப்பது போல, பெற்ற அப்பாவைத் தொலைத்தேன். என் மகள் தாரணியைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கப் போய் வந்தது ஐந்து நிமிஷம்தான். பெஞ்சில் அவர் துண்டு கிடந்தது. அவர் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. தாரணிக்கு டைபாய்டு வந்து குணமானதற்காக நைனா மொட்டை வேண்டிக்கொண்டிருந்தார். மலையில் தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முடி கொடுத்தார்கள். சாமியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, சித்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அவருக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது தெரிந்தும் தனியாக விட்டுவிட்டுப் போனேன். என்னை நீங்கள் திட்டலாம், நான் திட்டிக்கொள்ளாத திட்டு இல்லை.

அடுத்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். போலீஸ்காரரிடம் போனிலிருந்த போட்டோவைக் காட்டி, வெள்ளை முடி, முறுக்கு மீசை என்று அழுதுகொண்டே அடையாளம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். மைக்கிலும் அப்படியே சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தாரணி என் முந்தானையை இழுத்தாள்.

“ம்மா, தாத்தாவுக்கு மீசை ஏது? காலையில எடுத்துட்டாங்களே.”

திரும்பவும் போலீஸ்காரரிடம் ஓடி அடையாளத்தை மாற்றிச் சொன்னேன். மொட்டை, சந்தனம், நாமம், வெள்ளை வேட்டி. இந்த அடையாளத்தை வைத்துத் திருப்பதியில் யாரைத் தேடுவது? அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் என் நைனா மாதிரியே இருந்தார்கள். பின்னாலிருந்து தோளைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் தெலுங்கில் நன்றாகவே திட்டினார். சேதி கேட்டுச் சித்தூரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடினார். நான் மலையடிவாரம் அலிபிரி வரை போய்த் திரும்பினேன், மறுபடியும் போனேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. நடுரோட்டில் நின்று மலையைப் பார்த்து, வாய்க்கு வந்ததையெல்லாம் வேண்டினேன். நடந்தே ஏறி வருகிறேன், அங்கப்பிரதட்சிணம் செய்கிறேன், என் முடியையும் கொடுக்கிறேன் என்றேன். கடைசியில் கோபம்தான் வந்தது. “முடியக் குடுக்க வந்தா ஆளையே எடுத்துக்குவியா?” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என் நைனாவைப் பற்றிச் சொல்கிறேன். நகரிப் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்தவர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, அவர்களோடு பேச்சையே நிறுத்தியவர். அம்மா போன பிறகு சித்தூரில் என்னோடுதான் இருந்தார். தாரணிக்குத் தலைவாரி, சடை பின்னி, பள்ளிக்கூட வேன் ஏற்றுவது அவர் வேலை. புரட்டாசி சனிக்கிழமை வந்தால் மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. குளித்து, ஈர வேட்டியோடு, நாமம் போட்ட செம்பை எடுத்துக்கொண்டு “கோவிந்தா” என்று வீடு வீடாக அரிசி கேட்கப் போய்விடுவார். வீட்டில் அரிசி மூட்டை இருந்தாலும், கேட்டு வாங்கின அரிசியில்தான் பெருமாளுக்குத் தளிகை போட வேண்டும். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது.

சித்தூரில் ஒரு புரட்டாசியில், எங்கள் தெருவிலேயே இருக்கும் என் மேனேஜர் வீட்டு வாசலிலும் போய் நின்றுவிட்டார். நான் மாங்கூழ் ஃபேக்டரியில் ஆபீஸ் வேலையில் இருக்கிறேன். மறுநாள் மேனேஜர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து குதித்தேன்.

“இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும் நைனா. தெருத்தெருவா அரிசி கேட்டுகினு போறியே, என் மானம் போவுது!”

அவர் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் அதை எடுத்துப் பரணில் போட்டேன். அதற்கப்புறம் இரண்டு புரட்டாசிக்கு அவர் வெளியே போகவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. ஊரிலிருந்து பெரியப்பா மகன். “அக்கா, நைனா பாகாலாவுல கீறாரு. நல்லாத்தான் கீறாரு” என்றான். பஸ் ஸ்டாண்ட் என்று பார்க்காமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நைனா ரயிலேறியிருக்கிறார். சித்தூர் போகிற வழியில் இருக்கும் பாகாலாவில் ஏன் இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாளும் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறார். சனிக்கிழமை என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து குழாயடியில் குளித்து, பஸ் ஸ்டாண்டில் நான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்த தாரணியின் டிபன் டப்பாவோடு “கோவிந்தா” என்று வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டார். புரட்டாசி வர இன்னும் நாள் இருந்தது. அதை யார் அவருக்குச் சொல்வது?

ஸ்டேஷனில் கிடந்தபோது அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அரிசி கேட்டு வாசலில் நின்றபோது கேட்டார்கள். நாலாவது வீட்டு அம்மா ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு, “ஏ ஊரு சாமி?” என்றிருக்கிறார். நைனா எங்கள் ஊர்ப் பெயரையும் தன் அப்பா பெயரையும் கணீரென்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவின் தங்கையைக் கொடுத்திருப்பது எங்கள் பக்கத்து ஊரில். உடனே தங்கைக்குப் போன் போட்டுவிட்டார், அங்கிருந்துதான் பெரியப்பா மகனுக்குச் சேதி போயிருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நைனா அந்த அம்மா வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா. என்னைப் பார்த்ததும் அதைத் துண்டில்லாத தோளோடு சேர்த்து மறைக்கப் பார்த்தார்.

“கோச்சிக்காதம்மா. இது நம்ம தெரு இல்ல. இங்க உன்ன யாருக்கும் தெரியாது.”

நான் தருகிறேன் என்று வேண்டிக்கொண்ட எதையும் பெருமாள் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நடையும் வேண்டாம், முடியும் வேண்டாம். நான் பரணில் போட்டதைக் கீழே இறக்கச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அரிசியில் அன்றைக்கே பொங்கல் வைத்தோம். நைனா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன வருடம் தை மாதம், தாரணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். வீடு இன்னும் எனக்குப் பழகவில்லை. வேன் வரும் நேரத்துக்கு அவரைத் தேடுகிறேன்.

இந்தப் புரட்டாசி முதல் சனிக்கிழமை அவர் செம்பை நான் எடுத்தேன். தாரணியும் வந்தாள். முதலில் மேனேஜர் வீட்டுக்குத்தான் போனேன். செம்பை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தாரணிதான் முதலில் “கோவிந்தா” என்றாள்.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கோபமிருந்தால் கோபத்தோடு கேளுங்கள், பெருமாள் தாங்குவார். உங்கள் வாசலில் யாராவது செம்போடு வந்து நின்றால் ஒரு பிடி அரிசி போடுங்கள். போட்டுவிட்டு, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவரை எங்கேயோ ஒரு மகள் தேடிக்கொண்டிருக்கலாம்.